கூப்பிட்ட குரலுக்கு பீகிள் வருமா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

தத்தெடுத்த பீகிள் நாய்களைப் பற்றி இம்முறை வந்திருக்கும் கடிதங்களை ஒருசேர வைத்துப் படித்தபோது, பெரும்பாலானவற்றில் ஒரே வருத்தம் இழையோடுவதைக் கண்டேன். 'பாசமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்பேச்சைக் கேட்பதில்லை' என்பதுதான் அது. நாய்களுக்குப் பயிற்சி அளிப்பதைத் தொழிலாகக் கொண்டவள் என்பதோடு, ஒன்பது ஆண்டுகளாகத் தத்தெடுத்த பீகிள் ஒன்றோடு ஒரே வீட்டில் வாழ்ந்து வருபவள் என்ற முறையிலும் இந்த வருத்தத்தை நான் நன்கு அறிவேன். ஏழு கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: பத்து நாட்களுக்கு முன் ஒரு காப்பகத்திலிருந்து நான்கு வயதுப் பெண் பீகிளை அழைத்து வந்தோம். அங்கே வாலாட்டிக்கொண்டு எங்கள் மடியில் ஏறிய நாய், இங்கு வந்ததிலிருந்து மேசைக்கு அடியிலேயே படுத்துக் கிடக்கிறது. நாங்கள் அருகில் இருந்தால் சாப்பிடுவதில்லை. 'நம்மைப் பிடிக்கவில்லை' என்று என் மகள் அழுகிறாள். என்ன தவறு செய்தோம்?

பதில்: தவறு எதுவும் நேரவில்லை என்பதை முதலில் உங்கள் மகளிடம் சொல்லுங்கள். பீகிள் தான் வாழும் இடத்தைக் கண்ணால் அறிவதைவிட மூக்கால் அறிவதே அதிகம். எந்த மூலையில் யார் படுப்பார்கள், எந்தக் கதவு வழியாக உணவு வரும், எந்தக் காலடி தன்னை நோக்கி வருகிறது என்பதையெல்லாம் மணத்தைக் கொண்டே அது மனத்தில் பதித்து வைத்திருக்கும். அப்படிப் பழகிய அனைத்தும் ஒரே நாளில் இல்லாமல் போய், ஒரு மணம்கூடப் பரிச்சயமில்லாத வீட்டுக்குள் உங்கள் நாய் வந்திருக்கிறது. மேசைக்கு அடி என்பது மூன்று பக்கம் மறைவு உள்ள இடம். அச்சமுற்ற விலங்கு அதைத் தேர்ந்துகொள்வது அறிவான செயல்.

பதற்றம் சற்றே தணிய மூன்று நாள், வீட்டின் நடைமுறை பிடிபட மூன்று வாரம், இது நம் வீடு என்று உணர மூன்று மாதம் என்று தத்தெடுத்த நாய்களைப் பற்றிப் பொதுவாகச் சொல்வதுண்டு. இது தோராயமான கணக்குதான். சில நாய்களுக்கு ஓராண்டுகூட ஆகிறது. ஆகவே பத்தாம் நாளில் எதையும் முடிவு செய்ய வேண்டாம். அதை வெளியே இழுக்காதீர்கள், குனிந்து கையை நீட்டாதீர்கள், நேருக்கு நேர் உற்றுப் பார்க்காதீர்கள். உணவும் நடையும் உறக்கமும் ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் நிகழட்டும். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்ட நாய்க்கு அச்சம் பாதியாகக் குறைந்துவிடும். உறவினர்களை அழைத்து நாயைக் காட்டுவதைச் சில வாரங்களுக்குத் தள்ளிப்போடுங்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்தவன் பதினோரு நாள் அலமாரிக்கும் சுவருக்கும் இடையிலிருந்த சந்தில் கிடந்தான். நான் தினமும் மாலையில் அவனுக்கு முதுகைக் காட்டித் தரையில் அமர்ந்து, செய்தித்தாளை முணுமுணுவென்று வாசித்துக்கொண்டிருப்பேன். பன்னிரண்டாம் நாள் என் குதிகாலில் ஈரமாக ஏதோ பட்டது. நான் திரும்பவில்லை. குதிகால், பாதம், விரல் இடுக்கு என்று ஒவ்வோர் இடமாக நீண்ட நேரம் முகர்ந்துவிட்டு, பெருமூச்சு ஒன்றை விட்டுச் சந்துக்கே திரும்பிப் போனான். மறுநாள் அதே குதிகாலில் தாடையை வைத்துத் தூங்கினான். உங்கள் மகளையும் அவ்வாறு முதுகைக் காட்டி அமர்ந்து, பாடப் புத்தகத்தை மெல்லிய குரலில் படிக்கச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்: யாரும் இல்லாதபோதும் முழுதாக ஒரு நாளுக்கு மேல் எதுவும் உண்ணாமல் இருந்தாலோ, வாந்தியோ வயிற்றுப்போக்கோ தென்பட்டாலோ அதை வெறும் அச்சம் என்று விட்டுவிடாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: தத்தெடுத்து ஏழு மாதம் ஆன எங்கள் பீகிள், வீட்டுக்குள் பெயர் சொன்னால் பாய்ந்து வருகிறான். வெளியில் கயிற்றை அவிழ்த்துவிட்டாலோ காது கேளாதவனைப் போல ஓடுகிறான். சென்ற வாரம் இரண்டு மணி நேரம் தேடிப் பிடித்தோம். கோபத்தில் இரண்டு அடியும் கொடுத்துவிட்டேன். இவனைத் திருத்த முடியுமா?

பதில்: உங்கள் கோபத்துக்குப் பின்னால் இருந்த அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த இரண்டு அடியும் அவன் மனத்தில் 'ஓடியதற்கு' என்று பதிந்திருக்காது. கடைசியாகச் செய்த செயலோடுதான் நாய் தண்டனையை இணைத்துக்கொள்ளும். அவன் கடைசியாகச் செய்தது உங்கள் கைக்கு வந்து சேர்ந்தது. அடுத்த முறை அந்தக் கை தெரிந்ததும் பத்தடி தள்ளியே நிற்பான்.

அவன் ஏன் ஓடினான் என்பதற்குச் சற்றே பழைய கதைக்குப் போக வேண்டும். பீகிள் இங்கிலாந்தில் முயல் வேட்டைக்காக வளர்த்தெடுக்கப்பட்ட இனம். இன்று நாம் காணும் வடிவத்துக்கு அடித்தளமான கூட்டம் 1830-களில் எசெக்ஸ் பகுதியில் உருவானது. வேட்டைக்காரர்கள் நடந்தே பின்தொடர, நாய்கள் கூட்டமாக முன்னே சென்று, தரையில் படிந்திருக்கும் மணத்தைவிட்டு விலகாமல் மணிக்கணக்கில் துரத்த வேண்டும். நொடிக்கொரு முறை திரும்பி மனிதர் முகத்தைப் பார்க்கும் நாய் அந்த வேலைக்கு உதவாது. எனவே ஆடு மேய்க்கும் நாய்களிடம் போற்றப்பட்ட 'சொன்னதைக் கேட்கும்' குணம் இங்கே தேவைப்படவில்லை. மணத்தை விடாத பிடிவாதமே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. உயர்ந்த புல்லுக்கு நடுவிலும் தெரிவதற்காகத்தான் வாலின் நுனி வெள்ளையாக இருப்பது விரும்பப்பட்டது என்பர். மனித மூக்கில் மணம் உணரும் செல்கள் ஐம்பது லட்சம் அளவில் இருக்க, பீகிளின் மூக்கில் இருபது கோடிக்கும் மேல் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். அமெரிக்க வேளாண் துறை 1984-இல் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளில் மறைந்திருக்கும் பழங்களையும் இறைச்சியையும் கண்டுபிடிக்க பீகிள்களை அமர்த்தியது இந்த மூக்கை நம்பித்தான். அங்கே அவை சொல்வதைக் கேட்டு அழகாக வேலை செய்தன. ஏனென்றால் மூக்கைப் பயன்படுத்துவதற்கே கூலி கிடைத்தது.

என் பயிற்சி முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. மூக்கோடு சண்டையிட்டு வெல்ல முடியாது. மூக்கையே கூலியாக்கிவிட்டால் அவன் உங்கள் பக்கம் வருவான்.

இதுவரை நீங்கள் கூப்பிட்ட சொல், கயிறு மாட்டுவதற்கும் அடிக்கும் அடையாளமாகிக் கெட்டுவிட்டது. வேறு ஒரு புதிய சொல்லைத் தேர்ந்துகொள்ளுங்கள். குடும்பத்தினர் எல்லோரும் அந்த ஒரு சொல்லையே ஒரே விதமாகச் சொல்ல வேண்டும். முதல் வாரம் வீட்டுக்குள், இரண்டடி தொலைவில், அவன் ஏற்கெனவே உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அச்சொல்லைச் சொல்லி, உடனே வேகவைத்த கோழி இறைச்சித் துணுக்குகளைத் தரையில் ஒவ்வொன்றாகத் தூவுங்கள். கையில் கொடுப்பதைவிட, முகர்ந்து தேடி உண்ணும்படி தூவுவதே பீகிளுக்கு இரட்டை மகிழ்ச்சி. அந்தச் சொல் காதில் விழுந்ததும் அவன் தலை தானாகத் திரும்பும் நிலை வந்த பிறகே அடுத்த அறைக்கும், பிறகு வாசலுக்கும் செல்லுங்கள்.

வெளியில் பயிற்சி செய்ய, மார்பைச் சுற்றிப் பொருந்தும் ஹார்னெஸில் பத்து மீட்டர் நீளக் கயிற்றைக் கட்டுங்கள். கழுத்துப்பட்டையில் நீளக் கயிறு கட்டினால், அவன் பாய்ந்து நிற்கும் கணத்தில் கழுத்து நசுங்கும். ஒரு முறைதான் கூப்பிட வேண்டும். வரவில்லையெனில் குரலை உயர்த்தாமல், நீங்களே எதிர்த்திசையில் சில அடி ஓடுங்கள். வந்தவுடன் கூலியைக் கொடுத்து, மறுபடியும் 'போ' என்று முகர அனுப்பிவிடுங்கள். இது மிக முக்கியம். கூப்பிடுவதெல்லாம் விளையாட்டை முடிக்கவே என்று அவன் கணக்குப் போட்டுவிட்டால் வர மாட்டான். பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறை திரும்ப விடுதலை கிடைக்கிறது என்று கண்டால் வருவான்.

இத்தனைக்குப் பிறகும், வேலியில்லாத இடத்தில் பீகிளைக் கயிறு இல்லாமல் விடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. என் நாய் ஒன்பது ஆண்டுப் பயிற்சிக்குப் பின்னும் நீளக் கயிற்றில்தான் வருகிறான். புதிதாக ஒரு விலங்கு கடந்து சென்ற தடம் அவன் மூக்கில் ஏறிய நொடியில் சாலையும் வாகனமும் அவனுக்கு இல்லாதவையாகிவிடும். தோலுக்கு அடியில் வைக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப்பைப் பொருத்தி, அதன் அடையாள எண்ணுக்குரிய பதிவேட்டில் உங்கள் தற்போதைய தொலைபேசி எண் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். தத்தெடுத்த நாய்களின் சிப்புக்குரிய பதிவில் பழைய உரிமையாளரின் எண்ணே மாறாமல் இருப்பதை அடிக்கடி காண்கிறேன்.

கேள்வி: வீட்டுக்குள் முடி உதிர்கிறது என்பதால் பீகிளை முற்றத்திலேயே கட்டி வைத்து வளர்க்கலாமா?

பதில்: கூடாது. கூட்டமாக வாழவே உருவான இனத்தைத் தனியே கட்டிப்போட்டால் அது ஊளையிடும், மண்ணைத் தோண்டும், தன் பாதத்தையே நக்கிப் புண்ணாக்கிக்கொள்ளும். வாரம் இரண்டு முறை ரப்பர் பல் கொண்ட தூரிகையால் வாரிவிட்டால் உதிர்வு பெருமளவு குறையும். அதற்கும் மனமில்லையெனில் இந்த இனத்தைத் தத்தெடுக்க வேண்டாம் என்றே வேண்டிக்கொள்கிறேன்.

கேள்வி: நாங்கள் வேலைக்குச் சென்றதும் எங்கள் நாய் இடைவிடாமல் ஊளையிடுவதாக அண்டை வீட்டார் புகார் கூறுகிறார்கள். குரைத்தால் மின்னதிர்ச்சி தரும் பட்டையை வாங்கும்படி ஒருவர் சொன்னார். வாங்கலாமா?

பதில்: தயவுசெய்து வாங்காதீர்கள். தனிமையில் நடுங்கும் உயிருக்கு ஒவ்வொரு அழுகைக்கும் வலி கொடுத்தால், அழுகை வேண்டுமானால் நிற்கலாம், நடுக்கம் நிற்காது. அது கதவைப் பிறாண்டுவதாகவும் நகம் பெயர்வதாகவும் வேறு வடிவில் வெளிப்படும்.

பீகிளுக்கு மூன்று குரல்கள் உண்டு. யாரோ வந்திருக்கிறார்கள் என்று அறிவிக்கும் வெட்டு வெட்டான குரைப்பு ஒன்று. மணத்தைப் பிடித்ததும் தொண்டையிலிருந்து நீண்டு எழும் வேட்டைக் குரல் மற்றொன்று. பின்னால் நடந்து வரும் வேட்டைக்காரருக்குத் தான் இருக்கும் இடத்தைத் தெரிவிக்க அது தேவையாக இருந்தது. தலையை உயர்த்தி, உதடுகளைக் குவித்து, பிரிந்துபோன கூட்டத்தை அழைக்கும் ஊளை மூன்றாவது. உங்கள் அண்டை வீட்டார் கேட்பது எது என்று தெரியாமல் மருந்து சொல்ல முடியாது. ஆகவே பழைய கைப்பேசி ஒன்றைக் காணொளிப் பதிவில் வைத்துவிட்டு வெளியே செல்லுங்கள். பிரிவுத் துயரால் வாடும் நாய்கள் பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே அதைக் காட்டிவிடும்; எச்சில் ஒழுக, கதவுக்கும் சன்னலுக்கும் மாறி மாறி ஓடி, வைத்துவிட்டுப்போன உணவைத் தொடாமல் இருக்கும். மாறாக, ஒரு மணி நேரம் தூங்கிவிட்டு எழுந்து, தெருவில் கடப்பவரைப் பார்த்துக் குரைத்தால் அது சலிப்பு. சலிப்புக்கு மருந்து எளிது: புறப்படுவதற்கு முன் அரை மணி நேரம், வேகமாக இழுத்துச் செல்லாமல், நாய் விரும்பும் இடமெல்லாம் நின்று முகரவிட்டு அழைத்துச் செல்லுங்கள். காலை உணவைத் தட்டில் வைக்காமல், பழைய துண்டு ஒன்றில் தூவிச் சுருட்டி, அட்டைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போங்கள். தேடித் தின்று முடிப்பதற்குள் களைத்துவிடும்; சன்னலையும் திரையிட்டு மூடிவிடுங்கள்.

பிரிவுத் துயர் என்றால் பொறுமை தேவை. நாய் பதறாமல் இருக்கும் நேரம் பத்து விநாடியே என்றாலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கதவைத் திறந்து வெளியே சென்று, பத்து விநாடியில் சலனமில்லாமல் உள்ளே வாருங்கள். பதறாத எல்லைக்குள்ளேயே அரை நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம் என்று நீட்டுங்கள். ஒரு நாள் பின்வாங்கினால் நீங்களும் பின்வாங்குங்கள். பயிற்சி நடக்கும் வாரங்களில் நாயை முழு நாளும் தனியே விட்டால் கட்டியது அனைத்தும் சரிந்துவிடும் என்பதால், அந்தக் காலத்துக்கு யாரேனும் உடன் இருக்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். கடுமையாக இருப்பின் மருத்துவர் தரும் பதற்றம் தணிக்கும் மருந்து இப்பயிற்சிக்குத் துணை நிற்கும். அதை ஏற்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: எட்டு வயது பீகிளைத் தத்தெடுத்தோம். எடை 17 கிலோ. எவ்வளவு கொடுத்தாலும் பசி அடங்குவதில்லை. மேசையில் இருப்பதையும் குப்பைத் தொட்டியில் இருப்பதையும் திருடுகிறது. வாயிலிருந்து பிடுங்கப்போனால் உறுமுகிறது. பட்டினி போட்டு வளர்த்திருப்பார்களோ?

பதில்: அப்படியும் இருக்கலாம், ஆனால் குட்டியிலிருந்து குறைவின்றி வளர்ந்த பீகிளும் இதையேதான் செய்யும். பீகிளின் கண்ணைப் பார்த்து அதன் பசியை அளக்கத் தொடங்கினால் நாம் தோற்றுவிடுவோம். இந்த இனத்தின் எடை பொதுவாக 9 முதல் 13 கிலோ வரை. உயரம் 33 முதல் 40 சென்டிமீட்டர். 17 கிலோ என்பது அந்தக் குட்டைக் கால்களுக்கும் முதுகுக்கும் பெருஞ்சுமை. முதுகெலும்புகளுக்கு இடையே இருக்கும் வட்டுகள் பிதுங்கும் நோய் பீகிள்களுக்கு அதிகம் வருவதால் நீங்கள் தாமதிக்க வேண்டாம். முதலில் தைராய்டு குறைபாடு உள்ளதா என்று இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். எடை கூடுவதற்கு அதுவும் காரணமாக இருப்பதுண்டு. பிறகு உணவைக் கிண்ணக் கணக்கில் அல்லாமல் சமையல் தராசில் கிராம் கணக்கில் நிறுத்து, இரண்டு வேளையாகக் கொடுங்கள். பயிற்சிக்கான தின்பண்டத்தை நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் அடக்குங்கள். வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 சதவீதம் குறைந்தால் போதும். விலா எலும்புகள் மெல்லிய துணிக்கு அடியில் இருப்பதுபோல விரலுக்குத் தட்டுப்படும் நாளில் நிறுத்திக்கொள்ளலாம்.

உறுமலைத் தண்டிக்காதீர்கள். 'எனக்கு அச்சமாக இருக்கிறது, விலகு' என்பதை அது கண்ணியமாகச் சொல்லும் வழி அது. அந்த எச்சரிக்கையை அடித்து அடக்கிவிட்டால், அடுத்த முறை எச்சரிக்கையே இல்லாமல் கடித்துவிடக்கூடும். பிடுங்குவதற்குப் பதில் பண்டமாற்று செய்யுங்கள்: அதன் வாயில் இருப்பதைவிடச் சிறந்த ஒன்றைச் சற்றுத் தொலைவில் தூவி, அது விட்டுவிட்டு வந்தபின் பொருளை எடுங்கள். ஆபத்தில்லாத பொருளாக இருந்தால் அதைத் திருப்பியும் கொடுங்கள். 'மனிதர் கை வந்தால் இழப்பு' என்று இருந்த கணக்கு, சில வாரங்களில் 'மனிதர் கை வந்தால் வரவு' என்று மாறிவிடும்.

திருட்டைப் பொறுத்தவரை பயிற்சியைவிடப் பூட்டே மேல். மூடி அழுந்தும் குப்பைத் தொட்டியும், தாழ்ப்பாள் போட்ட அலமாரியும் வேண்டும். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, சைலிட்டால் கலந்த சர்க்கரையில்லா மிட்டாய் ஆகியவை நாய்க்கு நஞ்சு. தின்றுவிட்டது என்று தெரிந்தால் அறிகுறிக்காகக் காத்திராமல் உறையையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் விரையுங்கள்.

கேள்வி: காதில் கெட்ட வாடை வருகிறது. எண்ணெய் விடலாமா?

பதில்: விட வேண்டாம். தொங்கும் காதுக்குள் காற்றோட்டம் குறைவு. ஈரத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும். எண்ணெய் அதை மோசமாக்கும். வாடை, பழுப்பு நிற அழுக்கு, தலையை உதறுவது ஆகியவை இருந்தால் மருத்துவர் அழுக்கை நுண்ணோக்கியில் பார்த்து மருந்து தர வேண்டும். குணமானபின் வாரம் ஒரு முறை மடலைத் தூக்கிப் பாருங்கள். பஞ்சு சுற்றிய குச்சியை உள்ளே நுழைக்காதீர்கள்.

கேள்வி: மருந்து ஆய்வுக்கூடத்திலிருந்து விடுவிக்கப்பட்ட ஆறு வயது பீகிளைத் தத்தெடுக்க விரும்புகிறோம். காதில் எண் பச்சை குத்தியிருக்கிறது. இந்த வயதுக்கு மேல் வீட்டுப் பழக்கம் வருமா?

பதில்: வரும். ஆய்வுக்கூடங்களில் மிகுதியாகப் பயன்படுத்தப்படும் நாய் இனம் பீகிள்தான். சிறிய உடலும், வலித்தாலும் கடிக்காத சாதுக் குணமுமே அதற்குக் காரணம் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. 2022-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஆய்வுக்காக நாய்களை இனப்பெருக்கம் செய்து வந்த ஒரு நிலையத்திலிருந்து ஏறக்குறைய 4,000 பீகிள்கள் விடுவிக்கப்பட்டு வீடுகளுக்குச் சென்றன.

நீங்கள் அழைத்து வரப்போவது வயதில் ஆறாக இருந்தாலும் அனுபவத்தில் குட்டி. புல், மழை, கண்ணாடிக் கதவு, தொலைக்காட்சி ஒலி, தன் நிழல் என எல்லாமே அதற்குப் புதிதாக இருக்கும். நின்ற இடத்திலேயே கழித்துப் பழகியிருக்கும் என்பதால் அது அசுத்தம் செய்வதைக் குறும்பு என்று எண்ணாதீர்கள். தூங்கி எழுந்ததும், உண்டதும், விளையாடியதும், மற்றபடி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும், ஒரே வழியில் ஒரே இடத்துக்கு அழைத்துச் சென்று, வேலை முடிந்த இரண்டு விநாடிக்குள் தின்பண்டம் கொடுங்கள். வீட்டுக்குள் கழித்த இடத்தை அம்மோனியா உள்ள திரவத்தால் துடைத்தால் சிறுநீர் வாடையாகவே அதற்குத் தோன்றும். நொதி கலந்த துப்புரவுத் திரவமே மணத்தை வேரோடு நீக்கும். சாந்தமான இன்னொரு நாய் வீட்டில் இருந்தால் அதுவே சிறந்த ஆசான்.

படிக்கட்டுதான் பலரையும் திகைக்க வைக்கிறது. நான் பயிற்சி கொடுத்த அத்தகைய பெண் பீகிள் ஒன்று, முதல் படிக்கு முன் நின்று முன்னங்கால் ஒன்றைத் தூக்கி, காற்றில் தடவிப் பார்த்துவிட்டு மீண்டும் தரையிலேயே வைத்தது. ஒரு மணி நேரம் இப்படியே கழிந்தது. தூக்கிச் செல்லாமலும் இழுக்காமலும், கடைசிப் படியிலிருந்து தரைக்கு இறங்குவதை மட்டும் நான்கு நாள் பழக்கினோம்: அதைக் கீழ்ப்படியில் வைத்து, தரையில் உணவைத் தூவினால் இறங்கிவிடும். ஐந்தாம் நாள் இரண்டாம் படியிலிருந்து. வழுக்காமல் இருக்க ஒவ்வொரு படியிலும் பழைய விரிப்புத் துண்டுகளை ஒட்டியிருந்தோம். மூன்றாவது வாரம், யாரும் அழைக்காமலேயே, மாடியில் இருந்த அந்த வீட்டுப் பையனின் காலுறை மணத்தை ஒவ்வொரு படியாக முகர்ந்துகொண்டே அது மேலே ஏறிப் போய்விட்டது. அந்தக் காலுறையை வீட்டார் இன்னும் துவைக்கவில்லை. உங்கள் வீட்டிலும் படி இருந்தால், வருவதற்கு முன்பே விரிப்பை ஒட்டி வைத்துவிடுங்கள். வந்த முதல் வாரத்தில் படியின் பக்கமே அழைத்துச் செல்ல வேண்டாம்.